ஆறு பத்து பஸ்

ஹட்டன் ஸ்டாண்டில் ஆறு பத்து பஸ்
நிறையும்வரை நகராது.
படம் அதற்கு முன்பே கிளம்பிவிடும்.
எந்த நாளும் அதே படம்.
யாரோ ஒரு வெள்ளைக்காரன்,
சென்னையில் எவரோ கொடுத்த குரலில் பேசுகிறவன்.
எண்ணூறு பேர் போகும் ரயிலில்
குண்டு இருப்பது அவனுக்கு மட்டும் தெரியும்.

எனக்கும் தெரியும்.
மருந்துக்கடையில் பகல் முழுக்கப்
பிரஷர் வில்லை எண்ணிக் கொடுத்த கையோடு
மூன்றாவது ஸீட், ஜன்னல் ஓரம்.
நூற்றுப்பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன்,
நோர்வூட் வரை.

டிக்கோயா வளைவில் கண்ணாடி உடையும்.
தூங்கி வழியும் பேச்சாயி அக்கா
அதற்கு ஒரு நொடி முன்னால் விழிப்பாள்,
உடைந்ததைப் பார்த்துவிட்டுத் திரும்பத் தூங்குவாள்.
வனராஜாவில் சட்டை கிழியும்,
முதலில் இடது தோள், பிறகு முதுகு.
தோட்டத்துச் சம்பளம் ஒரு மாதமாவது
அந்தக் கிழிசலைப் போல
நேரம் தவறாமல் வந்திருந்தால்
அம்மாவின் தோடு இன்னும் காதில் இருக்கும்.

நல்ல படமா என்று கேட்டால் தெரியாது.
வில்லனுக்குத்தான் மூளை அதிகம்.
மூக்குக்கண்ணாடியை டையின் நுனியில் துடைத்த பிறகே
ஆளைச் சுடுவான். எனக்கு அவனைப் பிடிக்கும்.
மற்றவன் யோசிக்கிற ஆள் இல்லை.
விழுவான். எழும்புவான்.
ஆனால் அவனிடம் ஒருவரும்
கிராம சேவகரின் கடிதம் கேட்பதில்லை.
நாளைக்கு வா என்று
ஒரு கவுண்டரும் அவனைத் திருப்பி அனுப்புவதில்லை.

மரக்கறிக் கடை விஜேகோனுக்குத்
தமிழில் தெரிந்தது ஒரே ஒரு வசனம்:
"இன்னும் மூணு நிமிஷம் இருக்கு."
கரட் விலை கேட்டாலும் அதுதான்.
பிள்ளைக்குக் காய்ச்சல் எப்படி என்றாலும் அதுதான்.
சொல்லும்போது குரலை இறக்குவான்,
கழுத்தைச் சாய்ப்பான், அவனைப் போலவே.

நோர்வூட்டில் நான் இறங்கும்போது
அவன் ரயில் கூரையில் குப்புறப் படுத்திருப்பான்.
குகை வாய் நெருங்கும்.
குடையை விரித்து லயத்துப் படி ஏறுவேன்,
குகைக்குள்ளேயே ஓடும் அந்த ரயில்
விடியும்வரை.
முடிவை யாரிடமும் கேட்டதில்லை.
பொகவந்தலாவைக்காரர் எல்லாருக்கும் தெரிந்திருக்கும்,
அவர்கள் முகத்தில் அந்த நிம்மதி இருக்கிறது என்று
கொஞ்சம் பொறாமை மட்டும்.

வெசாக்குக்கு முந்தின கிழமை
நோர்வூட்டுக்கு இந்தப் பக்கம் மண் சரிந்து
ஒரு சவுக்கு மரம் வேரோடு ரோட்டில் கிடந்தது.
நடந்தால் கால் மணிதான்.
நான் இறங்கவில்லை.
என்ஜினை அணைத்தால் படம் அணையும் என்று
டிரைவரும் அணைக்கவில்லை.

குகை வந்தது. போனது.
நான் பார்த்தேயிராத வெளிச்சத்தில்
அவன் கூரையிலிருந்து உள்ளே குதித்தான்.
சிவப்பு வயர், நீல வயர்.
கையில் கத்தரி இல்லை. பல்லால் கவ்வினான்.
ஒன்பது, எட்டு,
ஏழு.

ஏழு.

"டிஸ்க்குல கீறல் அக்கா" என்றான்
கொண்டக்டர் திலகேஸ்வரன்.
"ரெண்டு வருஷமா இதிலதான் நிக்குது."
பொகவந்தலாவைக்காரர்களைத் திரும்பிப் பார்த்தேன்.
ஒருவரும் மறுக்கவில்லை.

நீலம்தான் என்றார் முன் ஸீட்டுக்காரர்.
சிவப்பு, தான் வயரிங் வேலை செய்தவன் என்றார் இன்னொருவர்.
குண்டே பொய் என்றது ஸ்கூல் கவுன் போட்ட பெட்டை.
பேச்சாயி அக்கா முழுதாக விழித்து
"ரயில் தப்பும், அவன் தப்ப மாட்டான்" என்றாள்
யாரும் கேட்காமலே.

வெளியே மழை, டோர்ச் வெளிச்சம், மண்வெட்டிச் சத்தம்.
ஏழு காட்டும் பெட்டிக்கு மேலே
பல்லில் வயரோடு
அவன் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பெக்கோ எப்போது வரும் என்று
டிரைவர் யாரையோ போனில் ஏசினார்.
பின் ஸீட்டிலிருந்து விஜேகோன்
குரலை இறக்கி, கழுத்தைச் சாய்த்து,
தனக்குத் தெரிந்த தமிழ் அத்தனையும் பேசினான்.

பஸ் குலுங்கியது.
பையில் கிடந்த கடலையைப் பிரித்து
தெரியாத ஆளிடம் நீட்டினேன்.